லின்ட்மார்க் தப்பு செய்த இடம்

“அந்த மனுஷன் ஒரு இடத்துலகூடத் தப்பு பண்ணலியே டீச்சர். அவரப் பாத்து நான் என்னத்தப் படிக்க?” என்று கேட்டார் பாக்கியநாதன்.

ஐம்பதைத் தாண்டிய ஆள் இப்படிச் சின்னப்பிள்ளை மாதிரி குறைப்பட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். எப்சிபா சிரிக்கவில்லை. பியானோவின் மேல் கிடந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் அவரைவிட இருபது வயதாவது சின்னவள். ஆனாலும் பாளையங்கோட்டையில் அந்த வீட்டு முன்னறைக்குள் நுழைந்துவிட்டால் அவள்தான் டீச்சர். அவர் மாணவர்.

போன வாரம் பாடம் முடிந்ததும் அவள் ஒரு பென்டிரைவைக் கொடுத்திருந்தாள். அதில் ஒரு கச்சேரிப் படம். ஏதோ ஒரு குளிர் தேசத்துப் பெரிய மண்டபத்தில் லின்ட்மார்க் என்ற பியானோ மேதை தன்னந்தனியாக உட்கார்ந்து வாசிக்கிறார். நாலு பக்கமும் கேமரா வைத்து எடுத்திருக்கிறார்கள். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுகிற மனிதராம்.

பாக்கியநாதன் சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு பயபக்தியோடுதான் பார்க்க உட்கார்ந்தார். பாதிப் படத்துக்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. மழை பெய்வது மாதிரி விரல்கள் விழுகின்றன, ஒரு துளி இடம் தவறவில்லை. நாமெல்லாம் எதற்கு வாசிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

“முழுசும் பாத்தீங்களா?” என்று கேட்டாள் எப்சிபா.

பார்த்த வரைக்கும் போதும் என்றார்.

“ஒரு இடத்துல தப்பு பண்ணுதாரு அண்ணாச்சி.”

“யாரு, லின்ட்மார்க்கா?”

“ஆமா. தேடிப் பாருங்க.”

அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். பியானோவை அவள் திறக்கவே இல்லை.

பாக்கியநாதன் வாசிப்புக்குப் புதியவர் அல்ல. மீசை அரும்பிய நாளிலிருந்து கோயிலில் ஆர்கன் வாசித்தவர். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயம் என்றால் கோயில்தான். பிழைப்புக்கு அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. லென்ஸ் அரைத்து ஃபிரேமில் பொருத்துவதில் அவரை அடித்துக்கொள்ள அந்தக் கடைவீதியில் ஆள் கிடையாது.

அரைக்கும்போது லென்ஸின் ஓரத்தில் துளி சில்லு பெயர்ந்தாலும் அது குப்பைக்குத்தான் போகும். வேறு லென்ஸை எடுத்து முதலிலிருந்து அரைக்க வேண்டும். ஒட்டுப்போட முடியாது.

வீட்டில் பாட்டுப் பழகும்போதும் அவருக்கு அதே கைவழக்கம். எங்கே விரல் தவறினாலும் சரி, உடனே நிறுத்துவார், முதல் அடிக்குத் திரும்புவார். பாட்டின் தொடக்கம் எல்லாம் அவர் கையில் மணி மணியாக வரும். கடைசி அடிகளைப் பற்றி நாம் பேசாமலிருப்பதே மரியாதை.

இத்தனை காலமும் அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. கோயிலில் பாடுகிற பாமாலைகள் எல்லாம் பழகிப் பழகித் தேய்ந்தவை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பார்.

அப்புறம் ஆசீர்வாதம் சார் இறந்துபோனார். எப்சிபாவின் அப்பா.

அடக்க ஆராதனைக்கு அவருக்குப் பிடித்த பாட்டைப் பாட வேண்டும் என்று வீட்டார் காலையில் சொல்லி அனுப்பினார்கள். ஊரில் அதிகம் பாடாத பாட்டு. பாக்கியநாதன் அவசர அவசரமாகப் பழகினார். பழகின விதத்தைத்தான் மேலே சொல்லிவிட்டோமே.

கோயில் நிறையக் கூட்டம். முதல் சரணம் நன்றாகவே போனது. இரண்டாவது சரணத்தின் நடுவில் ஒரு விரல் பக்கத்துக் கட்டையில் விழுந்தது.

சின்னத் தப்பு. சும்மா விட்டிருந்தால் கூட்டத்தின் குரலில் அது அமுங்கிப் போயிருக்கும். ஆனால் அவருடைய கை அவரைக் கேட்கவில்லை. நிறுத்தியது, முதல் அடிக்குத் திரும்பியது, முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தது.

கூட்டத்தில் பாதிப்பேர் ஆர்கனோடு பின்னால் வந்தார்கள். மீதிப்பேர் விட்ட இடத்திலிருந்து மேலே போனார்கள். பாட்டு இரண்டாகக் கிழிந்தது. யார் எங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். கடைசியில், சவப்பெட்டியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அமைதியாகிவிட்டார்கள்.

பாக்கியநாதன் ஆர்கன் மூடியைச் சாத்தினார். பக்கவாசல் வழியாக வெளியே வந்தார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் கோயிலில் ஆர்கனைத் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டு முதல் ஆளாக எழுந்து போய்விடுவார். யார் என்ன சொன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டு நழுவிவிடுவார். போதகரும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் ஒரு மெஷினை வாங்கி வைத்தார். பொத்தானை அமுக்கினால் எந்தப் பாமாலையும் அச்சுப் பிசகாமல் வரும்.

சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எப்சிபா, தனியாகிவிட்ட அம்மாவுக்குத் துணையாக ஊரோடு வந்துவிட்டாள். வாசலில் பியானோ கற்றுத்தரப்படும் என்று ஒரு பலகை மாட்டினாள்.

முதல் ஆளாக வந்து நின்றவர் பாக்கியநாதன்.

தப்பே வராமல் வாசிக்கச் சொல்லித்தர வேண்டும் என்றார். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாங்க என்றாள். அப்பாவின் அடக்கத்தைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. உள்ளே அடுக்களையில் அவளுடைய அம்மா ரூபி நடமாடும் சத்தம் கேட்டால் மட்டும் அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

இப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை நினைவு ஆராதனை. அன்றைக்கும் அதே பாட்டுத்தான், பாக்கியநாதன்தான் வாசிக்க வேண்டும் என்று ரூபியம்மா கோயிலில் மணியடிக்கிறவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பாக்கியநாதன் பதில் சொல்லவில்லை. அந்த அம்மா எதற்குத் தன்னைக் கேட்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. குத்திக்காட்டவா? அப்படிப்பட்ட மனுஷியும் இல்லை. மெஷின் இருக்கிறது, தப்பு விடாமல் வாசிக்கும், இறந்த மனிதருக்கு இரண்டாவது தடவை அவமரியாதை செய்ய வேண்டாம். மனசுக்குள் இந்தப் பதிலைத்தான் தயாராக வைத்திருந்தார். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் பிறகு ஆயுசுக்கும் ஆர்கன் பக்கம் போக முடியாது. அதுவும் அவருக்குத் தெரியும்.

இந்த நிலைமையில்தான் லின்ட்மார்க்கின் தப்பைத் தேடும் வேலை அவர் தலையில் விழுந்தது.

கடைக் கம்ப்யூட்டரிலேயே படத்தைப் போட்டார். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்தபோது, கூட்டத்தில் ஒருவர் இருமுகிறாரே, அதைச் சொல்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். கோட்டுப் பொத்தானில் ஒன்று கழன்றிருக்கிறதே என்றார். அதற்கும் இல்லை என்றே தலையாட்டினாள்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. லென்ஸில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவனுக்கு இது பெரிய காரியமா என்று, அந்த இசையின் குறிப்புப் புத்தகத்தைத் தபாலில் வரவழைத்தார். வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துக்கொண்டு, ஒரு கட்டம் கேட்பதும் ஒரு கட்டம் சரிபார்ப்பதுமாக ஊர்ந்தார்.

அகப்பட்டுவிட்டது.

இடது கைச் சுண்டுவிரல். கனமான ஒரு சுரத்தில் விழ வேண்டியது, பக்கத்துக் கட்டையில் விழுகிறது. கேமராவும் சரியாக அந்த நேரத்தில் அந்தக் கையைத்தான் காட்டுகிறது. சந்தேகமே இல்லை.

பாக்கியநாதனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி துள்ளினார். பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். தப்பு. மறுபடி பின்னால் தள்ளினார். தப்பு. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். ஆஹா, தப்பு.

கண்ணாடி வாங்க வந்து காத்திருந்த பெரியவர் ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “என்ன சார், ஒரே இடத்துலயே சுத்திக்கிட்டு நிக்குது. கீறல் விழுந்துட்டா?” என்றார்.

அன்றைக்குப் பாடம் இல்லாத நாள். ஆனாலும் ஷட்டரை இறக்கிவிட்டு நேரே டீச்சர் வீட்டுக்குப் போனார். எந்தப் பக்கம், எந்த வரி, எந்த விரல் என்று மூச்சு விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

“சரிதான்,” என்றாள் எப்சிபா. “அடுத்து என்ன வாசிச்சாரு?”

“அடுத்தா?”

“தப்புக்கு அப்புறம்.”

புத்தகத்தில் இருப்பதைத்தான் வாசித்திருப்பார் என்றார் பாக்கியநாதன்.

“நீங்க கேட்டீங்களா?”

பாக்கியநாதன் யோசித்தார். அந்தச் சுரம் வரைக்கும் அவருக்கு மனப்பாடம். அதைத் தாண்டி அவர் காதில் எதுவுமே விழுந்ததில்லை. அந்த இடம் வந்ததும் அவர் கை பின்னால் தள்ளிவிடும். தப்பைக் கண்டுபிடித்த பிறகு எத்தனையோ தடவை பார்த்தாயிற்று, லின்ட்மார்க்கை அந்தச் சுரத்தைத் தாண்ட அவர் விட்டதே இல்லை. முதல் தடவை பார்த்தபோது பாதி வரைக்கும் பார்த்தது உண்மை. ஆனால் அன்றைக்கு அவர் தன்னை நினைத்துக் குமைந்துகொண்டிருந்தார், எதையும் கேட்கவில்லை. பிறகு தேடிய நாட்களில் தப்பைத் தவிர வேறு எதற்கும் காது கொடுக்கவில்லை.

வந்த வழியே திரும்பிப் போனார்.

மறுநாள் மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது படத்தை முதலிலிருந்து போட்டார். மவுஸை எட்டாத இடத்தில் தள்ளி வைத்தார். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். தன் கையைத் தானே நம்பாத மனிதர் வேறு என்ன செய்வார்.

அந்த இடம் வந்தது. சுண்டுவிரல் தவறி விழுந்தது. கை துடித்தது, எடுக்கவில்லை.

லின்ட்மார்க்கின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. ஐயோ என்று நாம் நினைத்துக்கொள்வோமே, அவ்வளவுதான். அதற்குள் கைகள் அடுத்த வரிக்குப் போய்விட்டன. கொஞ்ச தூரம் வாசிப்பு அடங்கிப் போனது. பிறகு வலது கையில் ஒரு மெட்டு எழும்பியது. பாக்கியநாதன் அதுவரை கேட்டிராத மெட்டு. சத்தமே இல்லாமல், யாரையோ தட்டித் தூங்கவைப்பது மாதிரி போய்க்கொண்டிருந்தது.

இவ்வளவு நாளும் இது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அவருக்குக் கண் கலங்கியது. வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு கிழவி தன் பையை மடியில் அணைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தத் தப்புத் தெரிந்ததா இல்லையா என்று அவள் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

கடைசியில் லின்ட்மார்க் எழுந்தார். ஒரு கையைப் பியானோவின் மேல் ஊன்றிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் குனிந்தார். அவர் அவ்வளவு வயதானவர் என்பது பாக்கியநாதனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கைதட்டல் நிற்கிற வரைக்கும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

நினைவு ஆராதனைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாடத்துக்கு வந்தவர் பியானோவுக்கு முன்னால் உட்காரவில்லை. சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முழுசும் பார்த்துவிட்டேன் என்றார். அந்த மெட்டைப் பற்றிச் சொன்னார்.

எப்சிபா கேட்டுக்கொண்டாள்.

“அவரு பெரிய மனுஷன் டீச்சர். அவரால போக முடியுது. எனக்குக் கை தானா பின்னால போவுது. அன்னைக்கும் அப்படித்தான்.”

அன்னைக்கு என்ற வார்த்தை அந்த அறைக்குள் முதல் தடவையாக வந்தது. வந்த பிறகு அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“ஒங்க அப்பா அடக்கத்த நான் கெடுத்துட்டேன். அவரு எனக்கு ஸ்கூல்ல வாத்தியார். ஒரு பாட்டு, அத ஒழுங்கா வாசிச்சு அனுப்ப முடியல. ஒங்க ரெண்டு பேருட்டயும் மன்னிப்புக்கூடக் கேக்கல. நாளைக்கு மெஷின்லயே போட்டுக்கிடுங்க டீச்சர். அதுதான் மரியாத.”

எப்சிபா மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

“அன்னைக்கு நீங்க நிறுத்துனதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சு அண்ணாச்சி?”

எல்லாம் குலைந்து போனது என்று சொல்ல வாயைத் திறந்தார் பாக்கியநாதன்.

அவருக்குத் தெரியாது.

ஒரு வருஷமாக ஒவ்வொரு நாளும் அந்த ஆராதனையை நினைத்திருக்கிறார். விரல் தவறியது, கை திரும்பியது, பாட்டு கிழிந்தது, ஒவ்வொருவராக வாயை மூடியது எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த இடம் வந்ததும் மறுபடி முதலுக்குப் போய்விடுவார். மூடியைச் சாத்திவிட்டு வந்த பிறகு கோயிலுக்குள் என்ன நடந்தது என்று அவர் ஒருவரிடமும் கேட்டதில்லை. சொல்ல வந்தவர்களையும் சொல்ல விட்டதில்லை.

எப்சிபா உள்பக்கம் திரும்பினாள்.

“எம்மா, கொஞ்சம் இங்க வாங்களேன்.”

பாக்கியநாதன் வாசல் கதவைப் பார்த்தார். அதற்குள் ரூபியம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டார்கள். அவர் எழுந்து நின்றார்.

“அப்பா அடக்கத்தன்னைக்கு அண்ணாச்சி நிறுத்துனப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லுங்கம்மா. அவங்களுக்குத் தெரியாதாம்.”

“தெரியாதா?” ரூபியம்மா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்கள். “இருங்க தம்பி. நிக்காதீங்க.”

அவர் உட்காரவில்லை.

ரூபியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, நேற்று நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார்கள். பாட்டு அறுந்ததும் கோயிலே அமைதியாகிவிட்டதாம். அவர்கள் பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அவருக்கு அவ்வளவு பிடித்த பாட்டு. பாதியில் விட மனசு வரவில்லை.

“எனக்குப் பாட வராது. கலியாணம் ஆன நாள்லருந்து அவங்க கேலி பண்ணுவாங்க, கோயில்ல வாய மட்டும் அசைன்னு. அன்னைக்கு என்னமோ நானே எடுத்துட்டேன். விட்ட அடியிலருந்து. கொஞ்ச தூரம் நான் மட்டும்தான் பாடுனேன். அப்புறம் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. கடைசிச் சரணம் வரைக்கும் பாடுனோம்.”

“நீங்களா பாடுனீங்க அக்கா?”

“நான்தான். கேலி பண்ண ஆளு இல்ல, அதான் தைரியம்.”

ரூபியம்மா சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது.

“பாடி முடிச்சிட்டு ஆர்கன் பக்கம் திரும்பிப் பாத்தேன் தம்பி. நீங்க மனசு ஒடிஞ்சு போய் உக்காந்திருப்பீங்க, ஒரு வார்த்த சொல்லணும்னு நெனச்சேன். நாற்காலி காலியாக் கெடந்துச்சு.”

எப்சிபா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பு வாசிச்சத நான் அன்னைக்கே மறந்துட்டேன். அந்தக் காலி நாற்காலிதான் எனக்கு இன்னும் ஆறல.”

பாக்கியநாதனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. குனிந்தபடியே கேட்டார்.

“நாளைக்கும் தப்பு வந்துட்டா அக்கா?”

“வந்தா வரட்டும். எந்திரிச்சுப் போயிராதீங்க.”